மூடியைத் திறப்பதற்கு முன்

சொந்த வீடு உடையவர்களும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பேற்றுச் சம்பளமில்லாமல் ஏச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவர்களுமாகிய அன்பர்களே,

உங்களில் ஒருவனாக இருந்தவன் என்ற ஒரே பாத்தியதையைக் கொண்டு இம்மடலை எழுதுகிறேன். நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் ஆறு வருஷ காலம் செயலாளராக இருந்தேன். தண்ணீர் லாரி வராவிட்டாலும், லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், மூன்றாம் மாடிக்காரருடைய நாய் இரவெல்லாம் குரைத்தாலும், முதலில் தட்டப்படும் கதவு என்னுடையதாகவே இருந்தது. ஆகையால் உங்கள் சிரமம் இன்னதென்று அறியாமல் உபதேசம் பண்ண வந்தவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். அந்த யோக்கியதை எனக்கு இல்லை என்பதை இம்மடலை முழுதும் படிப்பதற்குள் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

பத்திரிகையின் உள்பக்கத்தில், கையகல இடத்தில், 'கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. ஊரின் பெயரும் இறந்தவர்களின் வயதும் மாறுமேயன்றி வாசகம் மாறுவதில்லை. நீங்களும் படித்திருப்பீர்கள், 'ஐயோ பாவம்' என்று சொல்லியிருப்பீர்கள், அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். எனக்கோ அந்த வாசகத்தின் மீதே ஒரு வழக்கு உண்டு. செயலைச் செய்வது எழுவாய் என்று இலக்கண ஆசிரியர் நமக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்த வாசகத்தில் தாக்கியது எது என்று கேட்டால், விஷவாயு என்று பதில் வருகிறது. அந்த இருவரைக் கூப்பிட்டவர் யார், கூலி பேசியவர் யார், மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, 'சீக்கிரம் முடியுங்கள், நாற்றம் தாங்கவில்லை' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியவர் யார் என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. அதே இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றும் ஒன்று உண்டல்லவா? அது நாம்தான்.

'சில தொழில்களின் சுபாவமே அபாயம். கடலுக்குப் போகிறவனுக்கு அலை, பனை ஏறுகிறவனுக்கு உயரம், பட்டாசுக்கு மருந்து இடுகிறவனுக்கு உராய்வு. இதற்கு யார் என்ன செய்ய முடியும்?' என்று நீங்கள் சமாதானம் சொல்லக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தேன். அதில் பாதி உண்மை இருப்பதை மறுக்கவில்லை. புயலுக்குத் தடையுத்தரவு போட ஒருவராலும் ஆகாது. ஆனால் அபாயம் ஓரிடத்தில் இருப்பது வேறு, அந்த அபாயத்துக்கு முன்னால் ஒரு மனிதனைக் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. முன்னது இயற்கை. பின்னது, ஒரு காலைப்பொழுதில், ஒரு வாசற்படியில், ஒருவர் பேசி முடிக்கும் பேரம்.

அந்தத் தொட்டிக்குள் இருப்பதை முதலில் பாருங்கள். நாமும் நம் பிள்ளைகளும் கழித்த மலமே, காற்றுப் படாத இருட்டில் கிடந்து, பிராணவாயு வேண்டாத நுண்ணுயிர்களால் சிதைந்து, மீத்தேனும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆகிறது. கடைசியில் சொன்னதுதான் அழுகிய முட்டையின் நாற்றமுடையது. காற்றைவிடச் சற்றே கனமானதாகையால் பள்ளத்தில் தங்குவது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக அது கலந்திருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். 100 பங்கை எட்டும்போதோ மோப்ப நரம்பே மரத்துப்போகிறது. 'நாற்றம் குறைந்துவிட்டது, இனிப் பயமில்லை' என்று இறங்கியவர் எண்ணுகிறாரே, அப்போது போயிருப்பது நாற்றமன்று, அவருடைய மூக்கு. 700 பங்கைத் தாண்டி 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பிவிடும். கூவுவதற்குக்கூட அவகாசம் இராது. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, சுவரோரத்தில் கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குகிற வழக்கம் இத்தொழிலில் உண்டு. கருவி இல்லாதவர்கள் கண்டுபிடித்த கருவி அது. அதைக் கேலி செய்ய நான் துணியமாட்டேன். ஆனால் அவ்வாயு சகதிக்குள்ளேயே கரைந்தும் குமிழாகவும் அடைபட்டுக் கிடப்பது. இறங்கியவர் மேல் ஏட்டை மண்வெட்டியால் கலைத்த கணத்தில்தான் அது பொங்கி எழும். கரப்பான்பூச்சி சாட்சி சொல்லிவிட்டுப் போனது அதற்கு முந்திய நிலைமைக்கு.

இதே வாயு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உண்டு. அங்கே வேலை செய்கிறவருடைய சட்டையில், மார்புக்கு மேலே, தீப்பெட்டி போன்ற ஒரு சிறு கருவி தொங்குகிறது. பத்து லட்சத்தில் 10 பங்கு தென்பட்டாலே அது அலறும். அடைபட்ட தொட்டி எதற்குள்ளும் நுழைய எழுத்து மூலமான அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளே காற்றை ஊதுகிற விசிறி வேண்டும். நுழைகிறவர் உடம்பில் வார் பூட்டி, கயிறு வெளியே வரவேண்டும். வாயிலில் ஓர் ஆள், வேறு எந்த வேலையும் இன்றி, அவரையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். நம் வாசலில் இவற்றில் எதுவும் இல்லை. விஷம் ஒன்றுதான், அதைச் சுவாசிக்கிற நுரையீரலும் ஒரே விதமாகத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் ஒரு தொழிலை மற்றொன்றைவிட அபாயமுள்ளதாகச் செய்வது வாயுவின் குணம் மட்டுமே என்ற வாதம் என்னிடத்தில் செல்லாது.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். ஓர் ஐப்பசி மாதம், நான்கு நாள் மழை பெய்து ஓய்ந்தபின், எங்கள் கீழ்த்தளத்து வீடுகளில் கழிவறைத் தண்ணீர் எதிர்த்து வந்தது. செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டோம். இரண்டு நடை உறிஞ்சிக்கொண்டு போனபின், லாரியோடு வந்தவர்களில் மூத்தவர், நாற்பது வயது மதிக்கத்தக்கவர், என்னிடம் வந்து, "அடி வண்டல் கல்லாட்டம் கெட்டியாயிருச்சு சார். குழாய்க்கு வர மாட்டேங்குது. எறங்கி வாரினாத்தான் ஆகும். ரெண்டாயிரம் சேத்துக் குடுங்க" என்றார். நான் யோசித்தேன். எதை யோசித்தேன் என்று கேட்பீர்களானால், சங்கத்துக் கணக்கில் அந்த மாதம் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைத்தான். ஆயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தேன்.

அவர் தெருக்கோடி வரை போய்க் கால்மணி நேரத்தில் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "குடிக்காம எறங்க முடியாது சார்" என்று, நான் கேட்காமலே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். சட்டையைக் கழற்றி, துணிக்கடையில் மடிப்பது போல் நேர்த்தியாக மடித்து, மதில்மேல் வைத்து, அதன்மேல் கைபேசியை வைத்தார். கூட வந்த பையன் அவருடைய மைத்துனன். அவனிடம், "அக்கா கூப்பிட்டா எடுக்காத" என்றார். பிறகு இறங்கினார். இடுப்பில் கயிறு இல்லை. ஒன்றரை மணி நேரம் வாளி வாளியாகச் சகதி மேலே வந்தது. ஏறி வந்தவர் வேப்பமரத்தடியில் குந்தி வாந்தி எடுத்தார். தோட்டத்துக் குழாயில் அவர் குளிக்கப் போனபோது, முதல் மாடியிலிருந்து ஓர் அம்மாள், "அந்தக் குழாய் வேண்டாம், பின்பக்கம் போகச் சொல்லுங்கள்" என்று என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நானும் போகச் சொன்னேன். பணத்தைக் கொடுத்து ரசீதில் கையொப்பம் வாங்கி, கணக்குப் புத்தகத்தில் 'இதர செலவுகள்' என்ற தலைப்பின்கீழ் எழுதினேன். அந்த வருஷத்துப் பொதுக்குழுவில் லிஃப்ட் பராமரிப்புத் தொகையைப் பற்றி முக்கால் மணி நேரம் சர்ச்சை நடந்தது. இதர செலவுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் அன்று சாகவில்லை. அதில் எனக்கு எள்ளளவும் சிறப்பில்லை. அன்றைய சகதியின் தயவு அது. செத்திருந்தால் நான் குற்றவாளி, பிழைத்ததால் நான் கௌரவமான செயலாளர் என்று நிர்ணயித்தது என் ஒழுக்கமன்று, அந்த வண்டலுக்குள் எத்தனை குமிழ்கள் இருந்தன என்பதே. நான் பேரம் பேசிக் குறைத்த ஐந்நூறு ரூபாயைப் பற்றிப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். வண்டலை உயர் அழுத்தத் தண்ணீரால் உடைத்து உறிஞ்சும் பெரிய வண்டி நகரத்தில் இருந்தது. அது அடுத்த வாரம்தான் கிடைக்கும், வாடகையும் அதிகம். அந்த வாடகைக்கும் நான் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்தது யார்? நான் கொடுக்கவில்லை, நாற்பத்திரண்டு வீட்டாரில் ஒருவரும் கொடுக்கவில்லை. அவர் கொடுத்தார், மூச்சைப் பணயம் வைத்து. அபாயமான தொழில் என்று நாம் பெயரிட்டிருப்பவற்றில் பெரும்பாலானவற்றின் அந்தரங்கம் இவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்: வேலை செய்விக்கிறவர் செலுத்தாமல் விட்ட தொகையை வேலை செய்கிறவருடைய உடம்பிலிருந்து வசூலித்துக்கொள்வது.

இது என் கற்பனையென்று நீங்கள் தள்ளிவிடாதபடிக்கு, நம் ஒவ்வொருவர் அடுக்களையிலும் கிடக்கும் தீக்குச்சியைச் சாட்சிக்கு அழைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் பூசினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்குப் பல்வலியாக ஆரம்பித்துத் தாடையெலும்பே அழுகி உதிரும். 1888-ஆம் வருஷம் லண்டன் நகரத்துத் தீப்பெட்டி ஆலையொன்றில் வேலை செய்த பெண்கள் தெருவுக்கு வந்து வேலைநிறுத்தம் செய்ததற்கு இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரஸ் 1840-களிலேயே தெரிந்த சரக்கு, சுவீடன் தேசத்தில் அதைக்கொண்டு குச்சி செய்து விற்றார்கள், வெள்ளையோ மலிவு. மலிவுக்காக இன்னும் அரை நூற்றாண்டு தாடைகள் உதிர்ந்தன. 1906-இல் பெர்ன் நகரத்தில் தேசங்கள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸை விலக்க உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913-இல் தடைச்சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923 வாக்கில். சிவகாசி வட்டாரத்துக்குத் துக்கங்கள் குறைவில்லை. குழந்தைகளின் கைகள் அங்கே எத்தனையோ காலம் குச்சி அடுக்கின, தீவிபத்துகள் இன்றும் ஓயவில்லை. ஆனால் தாடை அழுகும் அந்த வியாதி மட்டும் அங்கே குடியேறாமற்போனது, அத்தொழில் நம் ஊருக்கு வருமுன்பே அந்த ஒரு சரக்கு சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டபடியால். குச்சி அதே குச்சி. மருந்தில் தோய்க்கிற வேலையும் அதே வேலை. 'தொழிலின் சுபாவம்' என்று ஐம்பது வருஷம் சொல்லப்பட்டது ஒரு சரக்கின் விலையாக இருந்தது.

நம் விஷயத்திலும் சட்டம் இல்லாமலில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இன்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ எவரையும் இறக்கலாகாது என்கிறது. 'எந்த நபரும்' என்றும், 'நேராகவோ மறைமுகமாகவோ' என்றும் அதில் வாசகம் இருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 'நான் லாரியைத்தானே கூப்பிட்டேன், ஆளை இறக்கியது லாரிக்காரர்' என்ற நம் வழக்கமான சமாதானத்துக்காகவே எழுதப்பட்டது போல் இருக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் முப்பது லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும், 1993 முதல் அரசாங்கமே பதிவு செய்திருக்கும் இத்தகைய மரணங்களில், மாநிலங்களுக்குள் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. எண்ணிக்கை 200-க்கு மேல். எத்தனையோ முதலிடங்களைச் சொல்லி மார்தட்டுகிற நாம் இந்த முதலிடத்தை ஒரு மேடையிலும் சொல்லக் கேட்டதில்லை.

இறங்குகிறவர் யார் என்பதையும் மறைக்காமல் பேசுவோம். நகரங்களில் சாக்கடையும் தொட்டியும் சுத்தம் செய்வோரை மத்திய அரசு கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். உங்கள் மகனுக்கு மேற்படிப்புக்குப் பிறகு ஆறுமாதம் வேலை கிடைக்காமற்போனால், எத்தனையோ வேலைகளுக்கு மனுப் போடச் சொல்வீர்கள், இதற்குச் சொல்வீர்களா? 'அவர்களுக்குப் பழக்கம்' என்கிறோம். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று. இத்தகைய செய்திகளில் ஒருவர் சாவதோடு நிற்காதவை பல. இருவர், மூவர் என்று வரும். முதலில் இறங்கியவர் விழுந்தவுடன் தம்பியோ மைத்துனனோ கூடப் பிறந்தவனைப் போல் பழகியவனோ கணமும் யோசியாமல் குதிப்பான்; அவனும் விழுவான். அடைபட்ட இடங்களில் நேரும் மரணங்களில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டவை காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தேசத்துத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் எழுதி வைத்தது. பாசம் உள்ளவன் சாகிறான். அன்று மதில் ஓரத்தில் கைபேசியைக் காத்துக்கொண்டு நின்ற அந்தப் பையன் என் கண்முன்னாலேயே நிற்கிறான்.

உங்கள் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். 'அவரே இறங்குகிறேன் என்கிறார், நான் வற்புறுத்தவில்லை' என்பீர்கள். பள்ளிக்கூடச் சம்பளமும் வீட்டு வாடகையும் வற்புறுத்துகின்றன. அவற்றின் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவே. 'எங்கள் சந்தில் பெரிய வண்டி நுழையாது' என்பீர்கள்; நீளக் குழாயும் சிறிய வண்டியும் கேட்டால் கிடைக்கும், தாமதமாகக் கிடைக்கும். 'வண்டல் இறுகிவிட்டதே, என்ன செய்வது' என்பீர்கள். இதற்குத்தான் கொஞ்சம் கோபத்தோடு பதில் சொல்ல விரும்புகிறேன். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்திருந்தால் வண்டல் இறுகியே இராது. குழாய் ஒன்றே போதும். நாம் பத்து வருஷம் மறந்திருக்கிறோம். மூடியின்மேல் கார் நிறுத்தத் தளக்கல் பதித்து, தொட்டி எங்கே இருக்கிறது என்பதையே மறந்திருக்கிறோம். குழந்தையின் டயப்பரையும், நாப்கினையும், கிழிந்த துணியையும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். ஒரு மனிதன் இறங்கியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அன்று காலையில் பிறந்ததன்று. நம் அலட்சியத்தால் வருஷக்கணக்கில் வண்டலோடு வண்டலாகப் படிந்து வந்தது.

ஆகவே உங்களை நான் கேட்டுக்கொள்வது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. உங்கள் தொட்டி கடைசியாக எப்போது காலியாயிற்று என்று இந்த வாரம் விசாரியுங்கள். மூடியை மறைத்திருக்கும் தளக்கல்லைப் பெயர்த்துவிடுங்கள். சுத்தம் செய்ய வேண்டியபோது 14420 என்ற எண்ணுக்கோ நகராட்சிக்கோ சொல்லி வண்டியை வரவழையுங்கள். வந்தவரிடம் முதல் வார்த்தையாக, 'உள்ளே யாரும் இறங்கக் கூடாது. எவ்வளவு ஆனாலும் இயந்திரத்தால் ஆகட்டும்' என்று சொல்லுங்கள். அதற்கு ஆகும் தொகையை, பேரம் பேசாமல், தனித் தலைப்பிட்டுக் கணக்கில் எழுதுங்கள். எங்கேனும் ஒருவர் உள்ளே விழுந்துவிட்டதாகத் தெரிந்தால், பின்னால் குதிக்கப் போகிறவரைக் கட்டிப்பிடித்து நிறுத்துங்கள். 101-க்கும் 108-க்கும் சொல்லுங்கள்.

சங்கம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். அடுத்த பொதுக்குழுவில், லிஃப்ட் விவகாரத்துக்கு முன்பாக, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: 'இக்குடியிருப்பின் தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் மனிதர் எவரும் இறங்க அனுமதியில்லை.' நான் செயலாளராக இருந்த ஆறு வருஷத்துத் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இல்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்